மாவுக்கட்டு அவிழ்ந்த பிறகு

அன்பு மகளுக்கு,

பேரனின் வலது பாதத்துக்கு நாலாவது மாவுக்கட்டு போட்டாயிற்று என்று சொன்னாய். பிறவியிலேயே உள்பக்கம் திரும்பிய இந்த வளைபாதத்தை நேராக்குவது மருத்துவர் வேலை. நேரான பாதத்தை நாலு வயது வரை திரும்பாமல் காப்பது உன் வேலை. அதுதான் கடினம்.

கட்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பாதத்தை நேராக்கும் இந்தப் பொன்செட்டி முறையில் வாரம் ஒன்றாக ஐந்து முதல் ஏழு கட்டு ஆகும். கட்டு தொடை வரை, முழங்கால் 90 டிகிரி மடங்கி இருக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே நின்றால் நழுவிவிடும். துணி மாற்றும்போதெல்லாம் கால்விரல் நுனியை அழுத்திப் பார்; வெளுத்து உடனே சிவக்க வேண்டும். விரல்கள் கட்டுக்குள் போய் மறைந்தால் கட்டு இறங்கிவிட்டது என்று அர்த்தம். அடுத்த வாரம்வரை காத்திராமல் அன்றே கூட்டிப் போ.

பாதம் வெளிப்பக்கம் 60, 70 டிகிரி திரும்பிய பிறகே குதிகாலை இறக்குவார்கள். அதற்கு முன் பாதத்தை மேலே தள்ளினால் நடுப்பாதம் மடங்கி, உள்ளங்கால் படகுபோல் வளைந்துவிடும். குதிநாணை, அதாவது குதிகாலுக்குப் பின்னால் இருக்கும் தடித்த நாணை, வெட்டுவார்கள் என்று கேட்டதும் பயந்துவிடாதே. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது தேவைப்படும்; மரத்துப்போக மருந்து கொடுத்துச் செய்யும் சிறு வெட்டுதான். பிறகு போடும் மூன்று வாரக் கட்டுக்குள் நாண் நீளமாகிக் கூடிவிடும். பெரிய அறுவை செய்த பாதங்கள் வளர்ந்தபின் விறைத்து வலிப்பதுண்டு. அதனால்தான் இந்த வழியே நல்லது என்கிறேன்.

அடுத்து, இரண்டு காலுக்கும் சேர்த்து ஒரே கம்பியில் பூட்டிய ஷூ. முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம். பிறகு இரவும் பகல் தூக்கமுமாக 12 முதல் 14 மணி நேரம். வலது ஷூ வெளிப்பக்கம் 60, 70 டிகிரி. நல்ல காலுக்கு 30, 40 போதும். கம்பியின் நீளம் அவன் தோள் அகலம். வளர வளர மாற்றச் சொல். மாட்டும்போது வலது காலை முதலில் எடு. முழங்காலை மடக்கி, குதிகாலை அடிவரை இறக்கி, நடுவாரை முதலில் இறுக்கு. குதிகாலின் பின்பக்கம் கொப்புளம் வந்தால் ஷூ இறுக்கம் என்று நினைத்து வாரைத் தளர்த்திவிடுவார்கள். அது தப்பு. குதிகால் உள்ளே ஏறி இறங்கி உரசுவதால்தான் கொப்புளம். வாரை இறுக்க வேண்டும். சிவந்த இடத்தில் எண்ணெயோ களிம்போ தடவாதே, தோல் மெத்தென்று ஆகி இன்னும் உரியும்.

முதல் சில இரவுகள் அழுவான். கம்பியைப் பிடித்து இரண்டு காலையும் சேர்த்து மடக்கி நீட்டி விளையாட்டுக் காட்டு. சேர்த்து உதைக்கப் பழகிவிட்டால் அழுகை அடங்கும். பாதம் அழகாக இருக்கிறதே என்று ஷூவை விட்டுவிடுவதால்தான் பெரும்பாலும் வளைவு திரும்புகிறது. குதிகால் தரையில் படாமலோ, நடக்கும்போது பாதம் உள்ளே திரும்பியோ தெரிந்தால் உடனே காட்டு. மறுபடி கட்டு போட வேண்டிவரலாம்.

இடுப்பையும் மறக்காதே. இவன் தலைக்குப் பதில் கால் முன்னே வந்து பிறந்தவன்; அப்படிப் பிறந்தவர்களுக்கு இடுப்பு மூட்டு விலகியிருக்க வாய்ப்பு அதிகம். தொட்டுப் பார்த்துச் சரி என்று சொல்லியிருந்தாலும் ஆறு வாரத்தில் இடுப்பு ஸ்கேன் வேண்டும். துணி சுற்றும்போது கால்களை நீட்டிக் கட்டாதே. தவளைபோல் விரிய இடம் விடு. பாவ்லிக் வார் (இடுப்பு மூட்டு விலகாமல் காலை மடக்கிப் பிடிக்கும் வார்க்கட்டு) போடும்படி ஆனால் அளவை நீயாக மாற்றாதே. முழங்காலை நீட்டி உதைப்பதை நிறுத்திவிட்டால் நரம்பு அழுந்துகிறது, அன்றே சொல்.

ஷூவுக்கு இப்போதே அளவு கொடுத்துவிடு. கடைசிக் கட்டு அவிழும் நாளில் அது கையில் இருக்க வேண்டும். சில நாள் சும்மா விட்டாலும் பாதம் திரும்பத் தொடங்கிவிடும், ஷூ ஏறாது.

அம்மா