அந்த ஆப்பில் இனி ஒரு வெள்ளிகூடப் போடாதே

அன்பு நண்பா,

வாட்ஸ்அப் குரூப்பில் சொன்ன ஒரு கிரிப்டோ ஆப்பில், அதாவது பிட்காயின் மாதிரி டிஜிட்டல் நாணயம் வாங்கும் ஆப்பில், பணம் போடுவதாக எழுதியிருந்தாயே, அந்த மெசேஜுக்கு இரண்டு வரியில் பதில் போட மனம் வரவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். சுங்கை சிப்புட்டில் எல்லாரும் நலம். நாம் ரப்பர் பால் வெட்டிய நிரையெல்லாம் செம்பனையாகி, இப்போது அந்தச் செம்பனையையும் சாய்த்து மறுநடவு நடக்கிறது. நம்மோடு வேலை செய்தவர்கள் பலர் தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். இவர்களிடம் ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம் இருக்கிறது என்பது ஏமாற்றுக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஆப்பில் 500 வெள்ளி (ரிங்கிட்) போட்டாய், லாபத்தோடு திரும்பி வந்தது, அதனால் நம்பலாம் என்கிறாய். நண்பா, அந்த 500தான் தூண்டிலில் மாட்டிய புழு. எங்கள் தாமானில் ஒரு அக்காவுக்கும் முதலில் அப்படித்தான் வந்தது. பிறகு பெரிய தொகையைப் போட்டார், ஆப்பில் பணம் நாளுக்கு நாள் ஏறியது, எடுக்கப் போனபோது முதலில் வரி கட்டுங்கள் என்றார்கள், கட்டியதும் கணக்கு முடங்கிவிட்டது, திறக்க இன்னொரு கட்டணம் என்றார்கள். அவர் திரையில் பார்த்த தொகை அவர்களே தட்டிவிட்ட எண்தான், அதற்குப் பின்னால் ஒரு பிட்காயினும் கிடையாது. நம் பணத்தை எடுக்க நம்மிடமே முன்பணம் கேட்டால் அதோடு நிறுத்திவிட வேண்டும். வரி இருந்தால் வருமான வரி வாரியத்துக்கு நாமே கட்டுவோம், வாட்ஸ்அப்பில் பேசும் ‘மேனேஜர்’ எதற்கு?

இன்னொன்றும் எனக்குத் திக்கென்றது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு கணக்கு எண் கொடுக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். கிரிப்டோ வாங்கி விற்கும் ஒழுங்கான எக்ஸ்சேஞ்ச் யாரோ ஒரு தனியாளின் பேங்க் கணக்கில் பணம் போடச் சொல்லாது. அந்த எண்கள்மேல் மோசடிப் புகார் இருக்கிறதா என்று போலீஸின் ‘செமாக் மியூல்’ இணையப் பக்கத்தில் தட்டிப் பார். அதில் ஒன்றும் வராவிட்டாலும் நிம்மதி அடையாதே, புதுக் கணக்கு என்றால் இன்னும் யாரும் புகார் செய்திருக்க மாட்டார்கள்.

மலேசியாவில் 2019 முதல் கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் நடத்த, முதலீட்டுச் சந்தையைக் கண்காணிக்கும் செக்யூரிட்டிஸ் கமிஷனில் பதிவு இருக்க வேண்டும். லூனோ மாதிரி சில நிறுவனங்கள்தான் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. உலகத்துக்கே தெரிந்த பைனான்ஸ் எக்ஸ்சேஞ்சைக்கூடப் பதிவில்லாமல் நடத்துகிறது என்று 2021 ஜூலையில் இங்கே நிறுத்தச் சொன்னார்கள், அதனால் பெயர் பெரியது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதே. கமிஷனின் பக்கத்தை நீயே தேடித் திற, குரூப்பில் வரும் லிங்கைத் தொடாதே, ஏனென்றால் பதிவு பெற்றவர்களின் பெயரையும் லோகோவையும் அப்படியே வைத்துப் போலி ஆப் செய்கிறார்கள். கமிஷனின் எச்சரிக்கைப் பட்டியலில் இல்லையே என்றும் சமாதானம் ஆகாதே, பதிவுப் பட்டியலில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பதிவு பெற்ற இடத்திலும் நஷ்டம் வரும். 2021 நவம்பரில் 69,000 அமெரிக்க டாலரைத் தொட்ட பிட்காயின், ஒரே வருஷத்தில் 16,000க்கும் கீழே போனது. தினமும் இத்தனை சதவீதம் நிச்சயம் என்று எவனாவது சொன்னால் அவன் பொய் சொல்கிறான், அவ்வளவுதான்.

அப்புறம், பெரிய தொகை ஏதும் ஏற்கெனவே அனுப்பியிருந்தால் என்னிடம் மறைக்காதே, கூச்சப்படவும் வேண்டாம். உடனே மோசடிப் புகாருக்கான 997க்கு போன் அடி, உன் பேங்குக்கும் சொல், போலீஸில் ரிப்போர்ட் செய். கிரிப்டோவாக மாற்றி அனுப்பிவிட்டால் மீட்பது மிகவும் கடினம், பேங்கில் இருக்கும்போதே பிடித்தால்தான் கொஞ்சமாவது வழி உண்டு. போன பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று ஃபீஸ் கேட்டு வருபவனையும் நம்பாதே, பெரும்பாலும் அதே கூட்டம்தான்.

அந்த ஆப்பின் பெயரையும் கணக்கு எண்களையும் இன்றைக்கே எனக்கு அனுப்பு. குரூப்பில் அவர்களோடு வாதம் செய்யாதே, ஆனால் பேசியது எதையும் அழிக்காமல் வை, போலீஸ் கேட்கும்.

அன்புடன்,
உன் பழைய தோட்டத்து நண்பன்