கேட்காமல் அழித்த கோப்பு: மதுரை அச்சகத்திலிருந்து ஒரு புகார்

அனுப்புநர்:
உரிமையாளர், டிடிபி மற்றும் அழைப்பிதழ் அச்சகம்,
தெற்கு மாசி வீதி அருகில், மதுரை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: தங்கள் ஆன்டிவைரஸ் என் தமிழ் கீபோர்டு மென்பொருளைக் குவாரன்டைனில் (சந்தேகக் கோப்புகளைப் பூட்டி வைக்கும் இடத்தில்) வைக்காமல் அழித்தது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். ஆறு வருடமாகத் தங்கள் ஆன்டிவைரஸுக்கு விடாமல் சந்தா கட்டுகிறேன். எங்கள் தொழிலுக்கு அது கட்டாயம் வேண்டும். கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் பென்டிரைவோடு வருகிறார்கள், பாதியில் ஷார்ட்கட் வைரஸ் இருக்கும்.

போன செவ்வாய்க்கிழமை காலை ஆவணி முகூர்த்தப் பத்திரிகை ஒன்றை அடிக்க உட்கார்ந்தேன். 'நிகழும் மங்களகரமான' என்று அடித்தால் சம்பந்தமே இல்லாத எழுத்துகள் வருகின்றன. தமிழ் கீபோர்டு மென்பொருளைக் காணோம். தங்கள் மென்பொருளின் ஹிஸ்டரியில் பார்த்தால், முந்தைய இரவு அப்டேட் ஆனதும் அதைக் கீலாகர் (நாம் தட்டுவதைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்யும் மென்பொருள்) என்று பிடித்து 'நீக்கப்பட்டது' என்று எழுதியிருக்கிறது. குவாரன்டைன் பட்டியல் காலி. டி டிரைவில் வைத்திருந்த நகலும் இல்லை. பீரோவிலிருந்த பென்டிரைவைச் செருகினேன். என் கண் முன்னாலேயே அதிலிருந்ததும் போனது.

சந்தேகப்பட்டதைக் குறை சொல்ல மாட்டேன். நாம் தட்டும் விசையை நடுவில் வாங்கித் தமிழ் எழுத்தாக மாற்றுவதுதான் அந்த மென்பொருளின் வேலை. கீலாகரும் விசையை நடுவில்தான் பிடிக்கிறது. போன வருடமும் தங்கள் மென்பொருள் இதையே பிடித்தது. ஆனால் அப்போது குவாரன்டைனில் வைத்தது. ரீஸ்டோர் அழுத்தி, 'இதைப் பிடிக்காதே' என்று சொல்லும் விலக்குப் பட்டியலில் சேர்த்தேன், இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. இந்த அப்டேட்டில் அந்த விலக்கும் அழிந்திருக்கிறது.

தங்கள் உதவி எண்ணில் பேசிய தம்பி, "வைரஸ் போயிடுச்சு சார், இனி பயமில்லை" என்றார். குவாரன்டைனில் இருந்தாலும் பயமில்லையே! அங்கே போன கோப்பு உருமாற்றப்பட்டுப் பூட்டிய இடத்தில் கிடக்கிறது, அதை யாரும் இயக்க முடியாது. எந்த ஃபோல்டரிலிருந்து வந்தது என்ற குறிப்பும் கூடவே இருப்பதால், தவறென்று தெரிந்தால் அதே இடத்துக்குத் திரும்பும். உண்மையிலேயே வைரஸ் பிடித்த கோப்புக்கும் இதுதான் நியாயம். மேக்ரோ வைரஸ் ஏறிய எக்செல் கோப்பில் ஒருவர் வீட்டுக் கல்யாண அழைப்புப் பட்டியல் முழுக்க இருக்கும். வைரஸை நீக்கிப் பட்டியலைக் காப்பாற்ற வழி இருக்கும்போது, மொத்தமாக அழித்தால் அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

2010 ஏப்ரலில் வேறொரு நிறுவனத்தின் அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பான எஸ்விசிஹோஸ்ட்டையே வைரஸ் என்று பிடித்தது. பல நாடுகளில் கணினிகள் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே கிடந்தன. விண்டோஸ் கோப்புக்கே அந்த கதி என்றால், எப்போதோ மூடிவிட்ட ஒரு சின்ன தமிழ் நிறுவனத்தின் மென்பொருள் எம்மாத்திரம்? அதை இனி விலைக்கு வாங்க முடியாது. திருமங்கலத்தில் ஒரு பழைய அச்சகத்துக்காரரிடம் சிடி இருந்தது. பஸ் ஏறிப் போய் வாங்கி வருவதற்குள் இரண்டு பத்திரிகை ஆர்டர்கள் வேறு கடைக்குப் போய்விட்டன.

பிடித்த கோப்பைக் குவாரன்டைனில் வைப்பதே மறுபடியும் இயல்பு அமைப்பாக வேண்டும். அழிப்பதென்றால் என்னைக் கேட்டுவிட்டு அழியுங்கள். அப்டேட் என் விலக்குப் பட்டியலைத் தொடக் கூடாது. சிடியிலிருந்து எடுத்த கோப்பை இத்துடன் அனுப்பியுள்ளேன். ஆய்வு செய்து, தவறாகப் பிடித்தது உறுதியானால் அடுத்த அப்டேட்டிலேயே திருத்துங்கள். சந்தா புதுப்பிக்கும் தேதி அடுத்த மாதம் வருகிறது. அதற்கு முன் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மதுரை.