டீசல் கொப்பி

வெள்ளவத்தை, கொழும்பு

அன்புள்ள சிவா,

மூன்று மாதமாகப் பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். அம்மா சுகம், சின்னவள் சாதாரண தரம் எழுதி முடித்துவிட்டாள். மற்றக் கதைகளை நேரில் பேசலாம். இதை மட்டும் உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது.

எங்கள் கொள்ளுப்பிட்டிக் கட்டடத்தில், 2021 கடைசியில், மாதாந்த மின்பாவனையை லிப்டுக்குப் பக்கத்தில் ஒட்டத் தொடங்கினோமே, யோசனையே உன்னுடையது. அடுத்த வருடம் அலகுகள் நன்றாகக் குறைந்ததால், எல்லாக் கட்டடங்களும் இப்படி வெளியிட வேண்டுமென்று அரசுக்கு அறிக்கை எழுதித் தரும்படி நிர்வாகக் குழு கேட்டது. எழுத உட்கார்ந்தபோதுதான் ஜெனரேட்டர் அறையில் தொங்கும் டீசல் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததே, அந்தப் பக்கத்தில் காவலாளி லீற்றர்க் கணக்கை வரிக்குள் அடக்க முடியாமல் ஓரத்திலும் எழுதியிருக்கிறார். மின்மானியில் குறைந்தது டீசலாக எரிந்திருக்கிறது. ஒகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. இரண்டாம் மாடிக் கம்பனியும் காலி செய்துகொண்டு போய்விட்டது. இவற்றுக்கிடையில் ஒட்டிய தாளின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் வழியில்லை.

வெளிநாட்டில் இப்படி வெளியிட்டுப் பார்த்தவர்களைத் தேடினேன். நியூயோர்க்கின் 2009ஆம் ஆண்டுச் சட்டம் பெரிய கட்டடங்களை வருடந்தோறும் பாவனையை அறிவிக்கச் சொன்னது. அறிவித்தல் தொடங்கிய பிறகுதான் ஒழுங்கான தரவும் தொடங்கியது என்பதால், முன்பு எப்படி இருந்தது என்று ஒப்பிடுவதே சிரமம். 2019இல் கரிம வெளியேற்றத்துக்கே உச்சவரம்பு வைத்து இன்னொரு சட்டம் வந்தது. இனிக் குறைவதை எதன் கணக்கில் எழுதுவது?

பெரிய அலுவலகங்களை விற்கும்போதோ வாடகைக்கு விடும்போதோ அவற்றின் சக்தித் திறனை வெளியிடச் சொல்லும் உங்கள் அவுஸ்திரேலியச் சட்டத்தில்தான் எனக்கு நம்பிக்கை. 2010இல் அது 2,000 சதுர மீற்றரும் அதற்கு மேலுமான அலுவலகங்களையே பிடித்தது; 2017இல்தான் எல்லையை 1,000க்கு இறக்கினார்கள். அந்த இடைக்காலத்தில் 1,900 சதுர மீற்றர் அலுவலகமும் 2,100 சதுர மீற்றர் அலுவலகமும் ஒரே வெயிலையும் ஒரே கட்டணத்தையும் கண்டவை. சட்டம் மட்டுமே வேறு.

கரிமக் கணக்கு இன்னும் கடினம். மலைநாட்டில் நல்ல மழை பெய்தால் நீர்மின்சாரம் கூடி, நாங்கள் ஒரு விளக்கையும் அணைக்காமலே எங்கள் வெளியேற்றம் குறையும். வரட்சி வந்தால் நுரைச்சோலை மின்நிலையத்து நிலக்கரியும் எண்ணெயும் அதை ஏற்றிவிடும். ஆகையால் அலகையும் கரிமத்தையும் தனித்தனியாகவே எழுதியிருக்கிறேன்.

வெளியிடுவதை நான் கைவிடவில்லை. சனிக்கிழமை முழுக்க வீணாக ஓடிய குளிரூட்டியை நாலாம் மாடிக்காரர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் நிறுத்தினார், கண்ணால் கண்டேன். உங்கள் அலுவலகத்தில் அந்த எல்லைக்கு இருபுறமும் உள்ள கட்டடங்களின் பழைய மின்பட்டியல் இருந்தால் தேடி அனுப்பு. அறிக்கையை அதுவரை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
குமரன்