ஓலாஃப்ஸ்ஃபியோர்துர் கிறிஸ்டின்: ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

"பல பிரிவுகளில் இறங்கியவர், பெயர் வாங்கியது மட்டும் ஏன் ஸ்லாலத்தில்?" என்று ஐஸ்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் கிறிஸ்டின் பியோர்ன்ஸனைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஸ்லாலம் என்றால், நெருக்கமாக நட்ட கம்பங்களைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்குவது. (பியோர்ன்ஸன் குடும்பப் பெயர் அல்ல, 'பியோர்னின் மகன்'. நம் இனிஷியல் மாதிரிதான். ஐஸ்லாந்துக்காரர்கள் கூப்பிடுவது போல நானும் கிறிஸ்டின் என்றே எழுதுகிறேன்.)

1972இல் பிறந்தவர். வடக்கு ஐஸ்லாந்தில் ஓலாஃப்ஸ்ஃபியோர்துர் என்னும் மீனவர் ஊர். 1992 முதல் 2002 வரை நான்கு ஒலிம்பிக் போனார். சின்ன நாட்டு அணியில் ஆள் குறைவு. ஒருவரே பல பிரிவுகளுக்குப் பெயர் கொடுப்பார். அதை முழுக்கப் பல்திறமைக் கணக்கில் எழுதிவிடாதே.

மலையைப் பார். டவுன்ஹில் என்பது திருப்பம் குறைந்த, வேகமே முக்கியமான பிரிவு. உலகக் கோப்பை ஆண்கள் டவுன்ஹில் தடத்துக்கு மேலிருந்து கீழ்வரை சுமார் 800 மீட்டர் இறக்கம் வேண்டும். அதற்கேற்ற லிஃப்ட் சரிவு ஐஸ்லாந்தில் இல்லை. ஸ்லாலத்துக்கு 180 முதல் 220 மீட்டர் போதும். டிசம்பரில் மூன்று மணி நேரப் பகல்தான் என்றாலும், ஊர்க் குன்றில் விளக்கு போட்டு, ஒரே மாலையில் திரும்பத் திரும்ப இறங்கிப் பழகலாம்.

கருவியும் ஒன்றல்ல. இன்றைய விதிப்படி ஆண்களின் ஸ்லாலம் ஸ்கீ (சறுக்குப் பலகை) குறைந்தது 165 செ.மீ., ஜயன்ட் ஸ்லாலம் 193, சூப்பர்-ஜி 210 (இவை இரண்டும் வேகத்தில் இடைப்பட்டவை), டவுன்ஹில் 218. ஸ்கீயின் பக்க வளைவின் ஆரம் ஜயன்ட் ஸ்லாலத்தில் 30 மீட்டர், டவுன்ஹில்லில் 50; ஆரம் பெரிதானால் திருப்பமும் அகலமாகும். டவுன்ஹில்லில் உடலைக் குறுக்கி வேகத்தைக் காப்பாற்ற வேண்டும். ஸ்லாலத்திலோ நொடிக்கு ஒரு கம்பம் வரும், கைக்காப்பாலும் கீழ்க்கால் காப்பாலும் அதைச் சாய்த்துக்கொண்டே போக வேண்டும். ஒரு பிரிவுக்குப் பழகிய தாளத்தை மற்றதற்கு மாற்ற வாரக்கணக்கில் பயிற்சி வேண்டும். கிறிஸ்டினின் நல்ல காலத்தில் குட்டை ஸ்கீயும் வந்திருக்கவில்லை. கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் நீளத்தோடுதான் அந்தத் தாளம்.

1997 நவம்பரில் அமெரிக்காவின் பார்க் சிட்டியில், உலகக் கோப்பை ஸ்லாலத்தில் இரண்டாம் இடம். தரவரிசையில் பின்னால் இருப்பவருக்குப் புறப்படும் எண்ணும் பின்னால்தான் விழும். முன்னால் போனவர்கள் ஒவ்வொரு கம்பத்தடியிலும் பள்ளம் பறித்திருப்பார்கள். ஸ்கீ அதில் விழுந்தால் நீ நினைத்த கோடு போயிற்று. அந்தத் தடத்திலேயே முதல் ஓட்டத்தில் 30 பேருக்குள் வந்தால்தான் இரண்டாவது ஓட்டம். அதனால் அந்த இரண்டாம் இடம், பட்டியலில் தெரிவதைவிடப் பெரியது. அடுத்த ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் வேசோனாஸில் மறுபடி இரண்டாம் இடம்.

பிப்ரவரியில் நாகானோ ஒலிம்பிக். எதிர்பார்ப்போடு போனவர் ஸ்லாலத்தை முடிக்கவில்லை. இந்த ஆட்டத்தின் குணம் அது. கம்பத்தை ஒட்டினால்தான் நேரம் மிச்சம்; விரற்கடை அதிகம் ஒட்டினால் ஸ்கீயின் முனை கம்பத்தின் தவறான பக்கம் போய்விடும். இரண்டு முனைகளும் இரண்டு பாதங்களும் கம்பங்கள் குறிக்கும் வாயிலைக் கடந்தாக வேண்டும் என்பது விதி. ஒன்று தவறினாலும் கதை முடிந்தது.

பழைய காணொளி கிடைத்தால், சாயும் கம்பத்தைப் பார்க்காதே. அதற்குச் சற்று முன், ஸ்கீ முனை எங்கே இருக்கிறது என்று பார்.

அன்புடன்,
அண்ணன்