குடிநீர்க் கூடத்தைப் பழுதுபார்த்துத் தரவும் மலவாளிக்கு மாற்று ஏற்பாடு செய்யவும் கோரும் மூன்றாம் மனு

அனுப்புநர்: பெரிங் கடற்கரை யூப்பிக் பழங்குடி ஊர் மக்கள், அலாஸ்கா
பெறுநர்: ஊரகக் குடிநீர், சுகாதாரத் திட்ட அலுவலர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே கோரிக்கையுடன் நாங்கள் அனுப்பிய இரண்டு மனுக்களுக்கும் இதுவரை பதில் இல்லை. தாங்கள் பெத்தேல் நகரிலிருந்து சிறுவிமானத்தில் வந்து எங்கள் பலகைப் பாதையில் நடந்தவர் என்பதால் ஊரின் நிலையை விளக்கத் தேவையில்லை.

1. பொதுக் குடிநீர்க் கூடத்தின் பம்பு நின்று ஓராண்டு கடந்துவிட்டது. குளிக்கவும் துவைக்கவும் ஊருக்கு இருந்தது அது ஒன்றே.

2. குளிர்காலத்தில் ஏரிப் பனிக்கட்டியை வெட்டி, பனிவண்டியில் இழுத்து வந்து உருக்குகிறோம். கோடையில் கூரை மழைநீரைப் பீப்பாயில் பிடிக்கிறோம். ஆற்றுப் பனி உடையும் வாரங்களில் வண்டியும் ஓடாது, படகும் போகாது. இருக்கும் நீரை அளந்து குடிக்கிறோம்.

3. எல்லாவற்றையும்விட எங்களை வாட்டுவது மலவாளி. ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும் நிலத்தில் குழி தோண்ட வழியில்லாததால் வீட்டு மூலையில் வாளி வைத்து, நிறைந்ததும் வழுக்கும் பலகைமேல் சுமந்துபோய்க் கழிவுக் குட்டையில் கொட்டுகிறோம். ஊர் சார்பில் இதை எழுதும் என் தாயார் எண்பதை நெருங்கியும் தம் வாளியைப் பிறரிடம் தர ஒப்பமாட்டார். பனியில் ஒருமுறை சறுக்கி விழுந்து, சிந்தியதைக் கையாலேயே அள்ளினார். கை கழுவ வீட்டில் ஒரே பேசின் தண்ணீர்தான். ஆறு பேர் கழுவிய பின் என் பேத்தியின் முறை வரும்போது நீர் சாம்பல் நிறமாக இருக்கும். அந்தக் கையால்தான் அவள் காயவைத்த சால்மனை எடுத்து, சீல் எண்ணெயில் தோய்த்து உண்கிறாள். குழாய் நீர் இல்லாத வீட்டுக் குழந்தைகளுக்கு நுரையீரல் தொற்றும் தோல் தொற்றும் அதிகம் என்பது தங்கள் துறை அறியாததா? 2022 செப்டம்பரில் மெர்பாக் புயல் இக்கரையைத் தாக்கியதிலிருந்து, கடல் பொங்கினால் கழிவுக் குட்டை தெருவுக்கு வந்துவிடுமே என்று ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் தூக்கமின்றிக் கிடக்கிறோம். பருவத்துக்கேற்ப முகாம் மாறி வாழ்ந்த எங்கள் முன்னோரைப் பள்ளிக்கூடம் கட்டி ஓரிடத்தில் அமர்த்தியது அரசுதானே, ஐயா! அமர்த்திய இடத்தில் ஒரு குழாய் தர இத்தனை தலைமுறை ஆக வேண்டுமா?

4. சரக்குப் படகு பனி இல்லாத மாதங்களில் மட்டுமே வரும். பம்பும் உதிரி பாகங்களும் அதில் ஏறாவிட்டால் இன்னும் ஓராண்டு போய்விடும்.

ஆகவே, இந்தக் கோடைப் படகிலேயே பம்பை அனுப்பி வைக்குமாறும், குழாய்த் திட்டம் வரும்வரை வாளிகளை வீடுவீடாக எடுத்துச்செல்ல ஆளும் வண்டியும் தருமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். பம்பையாவது அனுப்புங்கள், ஐயா. இம்முறை பதிலாவது எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஊர் மக்கள்