அழைத்தது யார் என்று ஒரு கட்டம் போடுங்கள்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கும், வண்டி அனுப்பும் பிரிவின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

போன மாத விபத்தைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. விசாரணை நடத்தியது நீங்கள்தான், அறிக்கை எழுதியதும் நீங்கள்தான். கணுக்கால் முறிந்து படுத்திருந்தவரிடம் கையெழுத்து வாங்கிப் போனதும் நீங்கள் அனுப்பிய ஆள்தான். நான் எழுத வந்தது அவர் கையெழுத்துப் போட்ட அந்தப் படிவத்தைப் பற்றி.

கண்ணாடி விபத்திலேயே உடைந்துவிட்டதால் அவருக்குப் படிவத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன். சீட் பெல்ட் போட்டிருந்தாரா, டயரின் நிலை என்ன, எவ்வளவு வேகத்தில் வந்தார் என்று வரிசையாகக் கேள்விகள். நடுவில் ஒன்று: ‘விபத்தின்போது ஓட்டுநர் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தாரா?’ ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். ‘ஆம்’ என்று போடச் சொன்னார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “யாரு கூப்பிட்டாங்கன்னு எங்கயாவது கேட்டிருக்கா, பாரு” என்றார். படிவத்தின் பின்பக்கம் வரை தேடினேன். இல்லை.

கூப்பிட்டது நம் அலுவலகம். அவருடைய கைப்பேசியில் நானே பார்த்தேன். நாற்பது நிமிடங்களுக்குள் ஐந்து அழைப்புகள். முதல் நான்கை அவர் எடுக்கவில்லை. உங்கள் வழிகாட்டிக் கையேடு சொன்னபடி நான்கு முறை நடந்துகொண்டார். ஐந்தாவதை எடுத்தார். “எங்க இருக்கீங்க?” என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள், முன்னால் ஓரமாக நின்றிருந்த லாரி வந்துவிட்டது.

ஐந்தாவதை ஏன் எடுத்தார் என்று விசாரணையில் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் உங்கள் மேசையில்தான் இருக்கிறது. அலுவலக அழைப்பை எடுக்காவிட்டால் மாத மதிப்பீட்டில் ‘தொடர்புக்கு வரவில்லை’ என்று விழுகிறது. அப்படி மூன்று விழுந்தால் ஊக்கத்தொகை போகும், நல்ல தடமும் கைமாறும். ஓட்டும்போது எடுத்தால் விதிமீறல், எடுக்காவிட்டால் ஒழுங்கீனம். இரண்டு தாள்களிலும் கையெழுத்து ஒருவருடையதே. எதை மீறுவது என்று ஒவ்வொரு முறையும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நாங்கள் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

கணக்கு ஒன்று சொல்கிறேன். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் கடக்கும். யார் கூப்பிடுகிறார்கள் என்று திரையைப் பார்க்க இரண்டு விநாடி ஆனால், 33 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். கால் பிரேக்குக்குப் போக இன்னொரு விநாடி. வண்டி நிற்க ஆகும் தூரம் அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது, அதுவும் முழுச் சுமையோடு. பேசியபடி ஓட்டுபவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. “அதனால்தான் எல்லோருக்கும் ஹெட்செட் கொடுத்தோமே” என்பீர்கள். கையில் பிடிக்காமல் பேசுவதும் பெரிதாக ஒன்றும் பாதுகாப்பானதல்ல என்பதும் அதே நிறுவனம் சொல்வதுதான். கை ஸ்டியரிங்கில் இருந்தாலும், “சரக்கு எப்ப இறங்கும், அடுத்த டிரிப் போக முடியுமா” என்று கேட்டால் மனம் அங்கேதான் போகும்.

இத்தனைக்கும் எல்லா வண்டியிலும் ஜி.பி.எஸ். இருக்கிறது. நாங்கள் எந்தத் திருப்பத்தில் நிற்கிறோம், எத்தனை நிமிடம் எஞ்சினை அணைத்திருந்தோம் என்று உங்கள் சுவரில் பெரிய திரையில் ஓடுகிறது. சிறுநீர் கழிக்க நிறுத்திய ஏழு நிமிடத்துக்கு விளக்கம் கேட்கத் தெரிந்த அந்தத் திரைக்கு, வண்டி எங்கே இருக்கிறது என்பது மட்டும் எப்படித் தெரியாமல் போகிறது?

அதனால் நான் கேட்பது ஒன்றே ஒன்று. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது எங்களை அழைக்காதீர்கள். திரையில் வண்டி நகர்ந்தால் கைப்பேசியைத் தொட வேண்டாம். அவசரம் என்றால் செய்தி அனுப்புங்கள், அடுத்த நிறுத்தத்தில் பார்த்துவிட்டு நாங்களே கூப்பிடுகிறோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி ஓய்வெடுங்கள் என்று கையேட்டில் இருக்கிறதே, அந்த நிறுத்தத்தை அட்டவணையிலும் எழுதிவிட்டால் பேசுவதற்கு நேரமும் கிடைத்துவிடும்.

அழைக்கும் இருக்கையில் இருப்பவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு காதில் வாடிக்கையாளர், இன்னொரு காதில் மேலாளர். ‘இத்தனை மணிக்கு வந்துவிடும்’ என்று எங்களைக் கேட்காமல் வாக்குக் கொடுத்தவர் வேறு எங்கோ இருக்கிறார்.

விபத்துக்குப் பிறகு நீங்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பாதுகாப்பு வாரம் கொண்டாடினோம். வாசகப் போட்டி நடந்தது. ‘உன் உயிர் உன் கையில்’ என்ற வாசகத்துக்கு முதல் பரிசு, கைதட்டல், புகைப்படம். பரிசளிப்பு விழாவுக்குக் கிளம்பி வந்துகொண்டிருந்த ஓர் ஓட்டுநரை, எங்கே வருகிறார் என்று கேட்டு வழியில் இரண்டு முறை அழைத்தார்கள். நான் பக்கத்து இருக்கையில் இருந்தேன். அப்புறம் எல்லோருக்கும் ஒளிரும் மேலாடை வந்தது. அதற்கான தொகை சம்பளத்தில் பிடிக்கப்பட்டிருப்பதைச் சம்பளச் சீட்டில் பார்த்துத் தெரிந்துகொண்டோம். பாதுகாப்பு ஏற்பாடுகளால் தொழிலாளிக்கு எந்தச் செலவும் வரக்கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 155-ஆம் உடன்படிக்கை 1981-லேயே சொல்லியிருக்கிறது. அது வேறு பேச்சு, தனியாக எழுதுகிறேன்.

ஆனால் அந்த உடன்படிக்கையில் இந்தப் பேச்சுக்கும் ஒன்று இருக்கிறது. வேலையின் பொருட்டுத் தொழிலாளி இருக்கவோ போகவோ வேண்டியிருந்து, முதலாளியின் நேரடியான அல்லது மறைமுகமான கட்டுப்பாட்டில் இருக்கும் எல்லா இடங்களும் பணியிடமே என்கிறது அது. சாலை உங்களுடையது அல்ல, சரி. வண்டி உங்களுடையது. தடமும் நேரமும் நீங்கள் வகுத்தவை. அழைப்பும் உங்களுடையது. பட்டறையில் ஓடும் இயந்திரத்துக்குள் கை விட்டிருக்கும் ஆளைப் பின்னாலிருந்து தோளில் தட்டிக் கூப்பிட மாட்டீர்கள் அல்லவா? பட்டறையில் முதலில் ஆபத்தை அகற்றப் பார்க்கிறீர்கள், முடியாவிட்டால் தடுப்புப் போடுகிறீர்கள். ‘ஜாக்கிரதையாக இரு’ என்று ஆளுக்குச் சொல்வது கடைசியில்தான் வருகிறது. எங்களுக்கு மட்டும் அந்தக் கடைசியே முதலாகவும் இருக்கிறது. இத்தனைக்கும் இந்த ஆபத்தை அகற்ற எதுவும் வாங்க வேண்டியதில்லை, ஓர் அழைப்பைப் பண்ணாமல் இருந்தால் போதும்.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓடும்போது அழைப்பதில்லை என்று ஒரு சுற்றறிக்கை போடுங்கள். ‘தொடர்புக்கு வரவில்லை’ என்ற குறிப்பை மதிப்பீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். விபத்துப் படிவத்தில் ‘அழைத்தது யார்?’ என்று ஒரு கட்டம் சேருங்கள். முடிந்தால் அவருடைய படிவத்தையும் அந்தக் கட்டத்தோடு மறுபடி நிரப்ப அனுமதியுங்கள். இப்போது அவருக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது, அவரே வாசித்துக்கொள்வார்.

இந்த மடலுக்குப் பதில் தருவதாக இருந்தால் தயவுசெய்து எழுத்தில் தாருங்கள். பிற்பகல் இரண்டு மணியிலிருந்து நான் வண்டியில் இருப்பேன்.

பணிவுடன்,
உங்கள் ஓட்டுநர்களில் ஒருவன்