சுனாமி ஆவணப்படத்தில் உள்ள ஆபத்தான தவறுகளைத் திருத்தக் கோரிப் புகார்

அனுப்புநர்:
உங்கள் சந்தாதாரர்,
நாகப்பட்டினம் மாவட்டம்.

பெறுநர்:
தலைமை மேலாளர்,
தமிழ் நிகழ்ச்சிகள் பிரிவு.

பொருள்: 2004 சுனாமி பற்றிய ஆவணப்படத்தின் தமிழ்ப் பதிப்பில் உள்ள தவறுகள் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

அறிவியலையும் வரலாற்றையும் தமிழில் பார்க்க முடிகிறது என்பதற்காகவே உங்கள் அலைவரிசைக்குத் தொடர்ந்து சந்தா கட்டி வருகிறேன். கடலோரப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியராக இருப்பதால், என் மாணவர்களையும் உங்கள் நிகழ்ச்சிகளைப் பார்க்கச் சொல்வது வழக்கம். 2004 டிசம்பர் 26 சுனாமி பற்றி நீங்கள் அண்மையில் ஒளிபரப்பிய ஆவணப்படத்தைப் பார்த்த பிறகு, அவ்வாறு சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

சுனாமி வருமுன் கடல் கட்டாயம் உள்வாங்கும் என்றும், உள்வாங்காத வரை கரையில் இருப்பவர்கள் அஞ்ச வேண்டியதில்லை என்றும் படத்தின் பின்னணிக் குரல் கூறுகிறது. இதை நம்பிக் கரையில் நிற்பவர் உயிரை இழக்க நேரிடும். இந்தோனேசியாவின் சுமத்ராவுக்கு அருகே, புவியோட்டின் பெரும் பாறைத் தட்டுகளில் ஒன்றான இந்தியத் தட்டு பர்மா தட்டுக்கு அடியில் செருகும் இடத்தில் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளவு ஏற்பட்டபோது, மேற்குப் பக்கம் கடல்தரை உயர்ந்தது, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. அதனால்தான் கிழக்கே உள்ள தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் உள்வாங்கியது. மேற்கே உள்ள இலங்கையையும் தமிழகக் கரையையும் நோக்கி வந்ததோ, தொடக்கத்திலேயே மேலெழுந்த அலை. இங்கும் கடல் உள்வாங்கியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையிலும் கடல் அவ்வாறு பின்வாங்கும் என்பதைப் படம் சொல்லவே இல்லை.

சுமத்ராவை அடுத்துள்ள சிமுலுவே தீவு மக்களைப் பற்றிய பகுதி அருமையாக அமைந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1907ஆம் ஆண்டுச் சுனாமியின் நினைவைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த அவர்கள், நிலம் குலுங்கியதும் மேட்டுக்கு ஓடித் தப்பினார்கள். ஆனால் அந்தத் தீவு நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருக்கிறது. அங்கே நிலத்தின் குலுக்கமே எச்சரிக்கை மணி. நம் கரையிலோ அந்த அதிர்வைப் பலர் உணரவே இல்லை. காலை ஆறரை மணியளவில் நேர்ந்த நிலநடுக்கத்தின் அலை இங்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இவ்வளவு தொலைவில் இருப்பவர்களுக்கு நம்பத்தக்க துணை, அதிகாரபூர்வ எச்சரிக்கைதான். அதற்கென ஐதராபாத்தில் 2007 அக்டோபர் முதல் முன்னெச்சரிக்கை மையம் இயங்கிவருகிறது. தமிழகத்தில் மட்டும் பல்லாயிரம் உயிர்களைப் பறித்த ஒரு பேரிடரைத் தமிழில் விவரிக்கும் படத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு மிகுந்த வருத்தம் அளிக்கிறது.

வேறு தவறுகளும் உண்டு. ஆழ்கடலில் சுனாமி மலைபோல் உயர்ந்து வருவதாக வரைகலையில் காட்டுகிறீர்கள். அன்று அந்த அலையைக் கடந்து சென்ற செயற்கைக்கோள் ஆழ்கடலில் அளந்த உயரம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர்தான். ரிக்டர் அளவில் ஒன்று கூடினால் ஆற்றல் பத்து மடங்கு கூடும் என்கிறீர்கள். ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘நாகப்பட்டினம், 2004’ என்ற எழுத்துகளுடன் வரும் காட்சியில், கரிய நீர் தடுப்புச் சுவரைத் தாண்டிக் கார்களையும் படகுகளையும் புரட்டிக்கொண்டு வருகிறது. ஓரத்துக் கட்டடத்தில் ஜப்பானிய எழுத்துப் பலகை தெளிவாகத் தெரிகிறது. அது 2011 மார்ச் மாதம் ஜப்பானைத் தாக்கிய சுனாமி. சொந்தங்களைப் பறிகொடுத்த குடும்பங்கள் வாழும் ஊரின் பெயரை வேறொரு நாட்டின் துயரத்தின் மீது ஒட்டுவது இரு நாட்டு மக்களுக்கும் இழைக்கும் அநீதி.

வாடிக்கையாளர் சேவைப் பிரிவைத் தொடர்பு கொண்டபோது, படம் வெளிநாட்டில் தயாரானது, ஒளிபரப்புவது மட்டுமே எங்கள் பொறுப்பு என்றார்கள். தமிழ்ப் பின்னணிக் குரலும் திரையில் வரும் தமிழ் எழுத்துகளும் உங்கள் நிறுவனம் சேர்த்தவை என்பதால், இந்த விளக்கத்தை என்னால் ஏற்க இயலவில்லை.

ஆகவே, கடல் உள்வாங்குவது பற்றிய பகுதியை நிலநடுக்கவியல் அறிந்த ஒருவரிடம் காட்டித் திருத்தி, மீண்டும் குரல்பதிவு செய்யுமாறும், காட்சியின் ஊர்ப் பெயரை மாற்றுமாறும், அதுவரை இப்படத்தை மறுஒளிபரப்பு செய்யாதிருக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். முன்பே பார்த்துவிட்டவர்களுக்காக, படம் ஒளிபரப்பான அதே நேரத்தில் ஒரு திருத்த அறிவிப்பையும் ஒளிபரப்ப வேண்டும். சந்தாத் தொகையைத் திருப்பித் தருமாறு நான் கேட்கவில்லை. எடுக்கும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவித்தால், அதை வகுப்பில் மாணவர்களுக்குப் படித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள சந்தாதாரர்.